காணாமற்போன ஆட்டின் கால்

அன்புள்ள ஐயா,

ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுக்கச் சொல்லிப் பங்குத்தந்தை கேட்டார். ஒப்புக்கொண்டேன், ஆனால் நான் இறையியல் படித்தவளில்லை. அந்த வயதில் அவர்களுக்கு எவ்வளவு புரியும்? ஒரு மணி நேரம் எப்படி உட்காரவைப்பது? முதல் வகுப்புக்கு, தொலைந்த ஓர் ஆட்டை மேய்ப்பர் தேடிக் கண்டுபிடிப்பதாக இயேசு சொன்ன காணாமற்போன ஆடு உவமையை எடுத்திருக்கிறேன். "சொல்பேச்சுக் கேட்காவிட்டால் இப்படித்தான் தொலைந்துபோவோம்" என்று முடிக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நீங்கள் ஒப்புக்கொண்டதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். பெரியவர்களுக்குப் பேச ஆள் கிடைத்துவிடும். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்காரத்தான் ஆள் வருவதில்லை.

உட்காரவைக்கும் கவலையை விடுங்கள். நடுநடுவே எழுந்து பாடவிட்டால் போதும். இறையியல் தெரியாத இடத்தில் பங்குத்தந்தையைக் கேட்டு அடுத்த வாரம் சொல்லுங்கள். எவ்வளவு புரியும் என்பதற்கு 1910இலேயே திருத்தந்தை பத்தாம் பயஸ் பதில் சொல்லிவிட்டார். அதுவரை பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயதுவரை புதுநன்மை (திருப்பலியில் தரும் அப்பமாகிய நற்கருணையை முதன்முறை பெறுவது) கொடுக்காமல் காக்கவைத்தார்கள். ஏழு வயதையொட்டியே கொடுக்கலாம், விசுவாசத்தின் முக்கிய உண்மைகளைத் தன் அறிவுக்கேற்ற அளவில் தெரிந்து, நற்கருணை சாதாரண அப்பமல்ல என்று பிள்ளை பிரித்தறிந்தால் போதும் என்றார் அவர்.

ஆனால் அந்த ஆடு! அது சொல்பேச்சுக் கேட்கவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஆடு ஏன் தொலைந்தது என்று அங்கே ஒரு சொல்கூட இல்லை. மத்தேயு 18இல் அது வழிதவறிப்போகிறது. அங்கும் யாரும் அதைத் திட்டவில்லை.

எனக்கு மறைக்கல்வி எடுத்த ஆசிரியர் ஒருவர், மேய்ப்பர் அந்த ஆட்டின் காலை ஒடித்துத்தான் தோளில் போட்டார், இனி ஓடக்கூடாதே என்பதற்காக, என்றார். கரும்பலகையில் ஆடு வரைந்து, முன்னங்காலுக்குக் குறுக்கே சாக்பீஸால் பட்டென்று ஒரு கோடு போட்டார். "வலிக்காதா சார்?" என்றான் பின்னாலிருந்த பையன். "வலிக்கணும். அப்பத்தான் புத்தி வரும்." அதற்கப்புறம் வெகுகாலம் கோயிலில் முழந்தாளிடும்போதெல்லாம் என் கால் கூசும். பெரியவனானபிறகு நான்கு நற்செய்திகளிலும் தேடினேன். அப்படி ஒரு வரி எங்குமே இல்லை. மேய்ப்பர் மகிழ்ச்சியோடு தோள்மேல் போட்டுக்கொள்கிறார், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கொண்டாடுகிறார். லூக்கா எழுதியிருப்பது அவ்வளவுதான்.

இயேசு இந்தக் கதையை யாருக்குச் சொன்னார் என்று பாருங்கள். பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரே என்று முணுமுணுத்த, சமயச் சட்டத்தில் கண்டிப்பான பரிசேயருக்கும் மறைநூல் அறிஞருக்கும். பெரியவர்களுக்கு விழுந்த அடி அது. அதைத் திருப்பி ஆறு வயதுப் பிள்ளையின்மேல் போட உங்களுக்கு எப்படி மனம் வருகிறது? வீட்டில் அடங்க மாட்டேன் என்கிற பிள்ளையை அடக்குவது பெற்றோர் வேலை. அதற்கு ஆண்டவரைத் துணைக்கு இழுக்காதீர்கள். எந்தக் கதையை எடுத்தாலும் கடைசியில் "ஆகவே பிள்ளைகளே, கீழ்ப்படியுங்கள்" என்று முடிக்கும் இந்த வழக்கத்தால்தான் பல பிள்ளைகள் வளர்ந்ததும் கோயில் பக்கமே வருவதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1954இல் ரோமில் சோஃபியா கவல்லெட்டி என்ற விவிலிய அறிஞரும், ஜன்னா கோப்பி என்ற மாண்டிசோரி ஆசிரியையும் சேர்ந்து பிள்ளைகளுக்கு மறைக்கல்வி தொடங்கினார்கள். மரத்தாலான மேய்ப்பரையும் ஆடுகளையும் ஒரு பட்டியையும் கொடுத்து, பிள்ளைகளையே நகர்த்திப் பார்க்கவிட்டார்கள். மிகச் சின்னப் பிள்ளைகளை மேய்ப்பர் ஒவ்வோர் ஆட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் பிடித்து நிறுத்தியது. யோவான் 10இல் இருக்கிறது அது.

ஆகவே வகுப்புக்கு முன்பே பெயர்ப் பட்டியலை வாங்கி எல்லாப் பெயரையும் நெட்டுருப் போட்டுவிடுங்கள். கதையைச் சொல்லி, மேய்ப்பர் தோளில் தூக்கிக்கொண்ட இடத்தில் நிறுத்துங்கள். ஆடு ஏன் தொலைந்தது என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். தூங்கிப்போச்சு என்பான் ஒருவன், மற்ற ஆடெல்லாம் அதை விட்டுட்டுப் போயிடுச்சு என்பாள் ஒருத்தி. குறுக்கே புகுந்து திருத்தாதீர்கள். என்னவெல்லாம் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.