மெய்யியலா சட்டமா என்று கேட்ட தாய்க்கு

புதுக்குடியிருப்பிலிருந்து பஸ் ஏறி வந்து மகளைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனீர்கள், அம்மா. அன்றைக்கு அவசரத்தில் சொன்னது போதாது என்று மனம் உறுத்திக்கொண்டே இருந்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்க விடுங்கள். "அரிஸ்டோட்டில் சோறு போடுவாரா?" என்று அந்தப் பழைய கிரேக்க மெய்யியலாளரைப் பற்றிக் கேட்டீர்கள். நேரே போடமாட்டார். ஆனால் பிள்ளை போக விரும்பும் தொழிற்சட்டத்துக்கு அவர் தூரத்து ஆள் இல்லை.

நம் நாட்டுக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் 1950இல் வந்தது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் முறையிட்டால், நீதியும் ஒப்புரவும் எனச் சபைக்குப் படும் கட்டளையை அது வழங்கலாம். வேலை ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொன்னாலும் நிவாரணம் கொடுக்கலாம். சரி, ஒப்புரவு என்றால் என்ன? 'நிக்கோமாக்கிய அறவியல்' என்ற தம் படைப்பின் ஐந்தாம் நூலில் அரிஸ்டோட்டில் இதைத்தான் ஆராய்கிறார். சட்டம் எல்லாருக்கும் பொதுவாகப் பேசுகிறது. அதனால் சில இடங்களில் தவறிவிடுகிறது. அந்தக் குறையைத் திருத்துவதே ஒப்புரவு. லெஸ்போஸ் தீவுக் கட்டடக்காரரின் ஈய அளவுகோல் கல்லின் வடிவுக்கு வளைந்து கொடுக்குமே, அதை உவமையாகக் காட்டுகிறார். ஆறு வருடம் தையல் மெஷினில் குனிந்திருந்த ஒரு வன்னிப் பெண்ணிடம் "நாளைக்கு வரவேண்டாம்" என்று சொன்னால், அவளுக்கு வேண்டியது அந்த அளவுகோல்தான்.

அதோடு கணக்கும் வேண்டும். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வேலையை விடும்போது ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. இவை பிள்ளைக்கு இப்போதே மனப்பாடமாகட்டும்.

மெய்யியலையும் சட்டத்தையும் ஒரே நேரத்தில் படிக்கச் சொல்லாதீர்கள், இரண்டுமே அரைகுறையாகும். முதலில் மெய்யியல் பட்டம். அப்புறம் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை, அல்லது திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம். இடைப்பட்ட வருடங்களில் ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் விடாமல் படிக்க வேண்டும். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். சட்டத்தரணியான பிறகும் மெய்யியல் ஆய்வை விடவேண்டியதில்லை. தினம் ஒரு மணி நேரம் பழைய நூல்களுக்கு என்று ஒதுக்கினால் கட்டுரை எழுதும் அளவுக்கு வளரலாம்.

அடுத்த முறை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த ஐந்தாம் நூலை வாசித்துவிட்டு வரட்டும்.