சுழலுதலா, சுற்றுதலா?

ஆறாம் வகுப்புக் குறிப்பில் 'பூமி தன் அச்சில் சுற்றுகிறது' என்று எழுதியதை ஒருவர் தவறென்று அடித்துவிட்டார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பேச்சில் அது தவறே இல்லை, மின்விசிறி சுற்றுகிறது என்றுதானே எல்லோரும் சொல்கிறோம். ஆனால் பாடத்தில் இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். அச்சு பொருளுக்குள்ளேயே இருந்தால் சுழலுதல், வெளியே இருக்கும் ஒன்றை வலம் வந்தால் சுற்றுதல். நிலாவை எடுத்துக்கொள்ளுங்கள், அது பூமியைச் சுற்றவும் தன் அச்சில் ஒருமுறை சுழலவும் ஏறக்குறைய 27.3 நாள்தான் ஆகிறது, அதனால்தான் நமக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது. இதை 'சுற்று' என்ற ஒரே சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள், பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.

அப்புறம், 'சுழல்' தானாக நடப்பது, பம்பரம் சுழன்றது. நாம் செய்தால் 'சுழற்று', பம்பரத்தைச் சுழற்றினான். 'சுற்று' இரண்டுக்கும் வரும், ஆனால் பொருள் மாறும்: கயிற்றைச் சுழற்று என்றால் கையில் பிடித்து வீசிச் சுழலவிடுவது, கயிற்றைச் சுற்று என்றால் எதன்மேலாவது வரிவரியாகப் படியவைப்பது. இந்த இடத்தில்தான் மொழிபெயர்ப்புகள் அதிகம் சறுக்குகின்றன.

'சுழற்சி'யில் மட்டும் கொஞ்சம் கவனம். நீர்ச் சுழற்சி, பயிர்ச் சுழற்சி, சுழற்சி முறை எல்லாம் திரும்பத் திரும்ப வருவதைத்தான் சொல்கின்றன, அங்கே அச்சு எதுவும் கிடையாது. அதனால் பூமிக்குத் 'தற்சுழற்சி' என்றே போடுங்கள், தன்னைத்தானே சுழல்வது என்று சொல்லிலேயே தெரிந்துவிடும்.