பற்றைக்காணியை டோசர் விட்டு வெளியாக்கி, எரு போட்டு மூன்று வருடத்தில் மண்ணை ஏற்றிவிடலாமா?

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: ஒட்டுசுட்டான் பக்கம் இரண்டரை ஏக்கர் மேட்டுக்காணி, பதினைந்து வருடமாகப் பற்றை, டோசர் விட்டு ஒரே நாளில் வெளியாக்கப் போகிறீர்கள், பிறகு இரசாயன உரம் ஒன்றும் இல்லாமல் எரு மட்டும் போட்டு மண்ணின் காபனையும் வளத்தையும் மூன்று வருடத்தில் ஏற்ற முடியுமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் யார், இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று ஒன்றும் போடவில்லை. அப்பாவுக்கு அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த காணியாக இருக்கும், நீங்கள் கொழும்பிலோ லண்டனிலோ இருப்பீர்கள், நாலைந்து காணொளி பார்த்திருப்பீர்கள் என்று நானாக ஊகிக்கிறேன், பிழை என்றால் குறை நினைக்க வேண்டாம். டோசர் என்ற சொல்லைக் கண்டதும் வயிற்றுக்குள் ஏதோ செய்தது. அதனால்தான் இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முடியாது. டோசர் விட்டால் மூன்று வருடத்தில் முடியவே முடியாது. விடாவிட்டால் ஏற்ற வேண்டிய தேவையே பெரிதாக இராது, ஏனென்றால் நீங்கள் தேடுகிற வளம் அந்தப் பற்றைக்குக் கீழேதான் இப்போது கிடக்கிறது.

விசுவமடுவுக்கு அங்கால் எங்களுக்கு இரண்டு ஏக்கர். படித்த இளைஞருக்கு அரசாங்கம் காணி கொடுத்த படித்த வாலிபர் திட்டத்தில் பெரியப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து எடுத்த காணி. எழுபதுகளில் மிளகாய், வெங்காய இறக்குமதியை அரசாங்கம் இறுக்கிப் பிடித்திருந்த காலம், செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை, காட்டை வெட்டி எரித்த மண்ணில் முதல் நாலைந்து வருடம் பசளை என்று ஒன்றைக் காட்டவே தேவையில்லை என்று பெரியப்பா சொல்வார். பிறகு பிறகு விளைச்சல் இறங்கியதாம், உர மூட்டை ஏறியதாம். 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட மிளகாய் விலையும் விழுந்தது. அவர் விலையைத்தான் கடைசி வரை திட்டினார், மண்ணைப் பற்றிக் கதைத்ததில்லை. 1996 இடப்பெயர்வோடு பாதிக் காணி பற்றையாகியது, 2009க்குப் பிறகு முழுதும்.

மிதிவெடி எடுத்து முடித்து எங்களை உள்ளே விட்டபோது 2011. விடத்தலும் காரையும் நாயுண்ணியும் ஆளுயரத்துக்கு மேல். முகாமில் இருந்து வந்தவனுக்கு அதைப் பார்க்கக் காணியாகத் தெரியவில்லை, யாரோ என் முகத்தில் பூசிவிட்ட அழுக்குப் போலத் தெரிந்தது. மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு டோசர் பிடித்தேன். ஓட்டி வந்த பெடியன் நல்லவன், இறங்க முதல் ஒரு தரம் கேட்டான்.

"அண்ணை, மேலால வெட்டித் தள்ளவோ, வழிச்சு விடவோ?"

"வழிச்சு விடு தம்பி. ஒரு வேர் கிடக்கக் கூடாது, முத்தம் மாதிரி இருக்கோணும்."

ஆறு மணித்தியாலம். மேற்கு எல்லையில் ஒரு மேடு எழும்பியது, நெஞ்சளவு உயரம், வேலியின் நீளத்துக்கு. வேர், சருகு, உடைந்த புற்று, கருத்த மண் எல்லாம் அதற்குள். இந்தப் பக்கம் செக்கச்செவேல் என்று காணி, கூட்டிப் பெருக்கியது போல. படம் எடுத்துக் கனடாவில் இருக்கும் தங்கச்சிக்கு அனுப்பினேன். வடிவாக இருக்கிறது அண்ணா என்று பதில் வந்தது.

ஐப்பசியில் கச்சான் போட்டேன். முதல் பெரிய மழை பெய்து இரண்டு நாள் வெயில் எறித்ததும் மேல் மண் தகடு தகடாக இறுகிவிட்டது, முளை கீழே மடங்கிக் கிடக்கிறது, அந்தத் தகட்டை உடைத்து மேலே வர அதற்குப் பலமில்லை. மனைவியும் நானும் ஈர்க்குக் குச்சியால் கிளறிக் கிளறி விட்டோம், இரண்டு ஏக்கரை ஈர்க்குக் குச்சியால் கிளறுவதை நினைத்துப் பாருங்கள். அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை, சிவப்புத் தேத்தண்ணி போல ஓடி ஒழுங்கைக்குள் போனது. விதைத்த கச்சானின் அளவுக்குத்தான் கச்சான் திரும்பி வந்தது. அதே மாரியில் அந்த மேட்டில் யாரும் நடாத பூசணி படர்ந்தது. மனைவி குசினியில் இருந்து எறிந்த விதையாக இருக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் காய். நான் காசு கொடுத்து ஓரத்துக்குத் தள்ளிய மண்ணில்.

பக்கத்து ஒழுங்கை அப்பு ஒருநாள் வந்து, மேட்டில் ஒரு கட்டி, காணிக்குள் ஒரு கட்டி, இரண்டும் காய்ந்த கட்டியாகப் பார்த்து எடுத்து, இரண்டு கிளாஸ் தண்ணீரில் மெதுவாக இறக்கினார். பிறகு தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். காணிக் கட்டி தேத்தண்ணியில் போட்ட ரஸ்க் போல ஒரு நிமிடத்துக்குள் கரைந்து சேறாகி அடியில் படிந்தது. மேட்டுக் கட்டி அவர் தேத்தண்ணி முடிக்கும் வரையும் கட்டியாகவே நின்றது, பக்கத்தால் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ் மட்டும் வந்தது. "பசை இல்லாத மண் தம்பி, உதில என்னத்த நட்டாலும் உதுதான்" என்றார். இதை நீங்களும் செய்து பாருங்கள், ஒரு சதம் செலவில்லை.

அவர் பசை என்று சொன்னதைத்தான் படித்தவர்கள் சேதனப் பொருள் என்கிறார்கள். உக்கிய இலை, செத்த வேர், பூஞ்சண இழை, நுண்ணங்கிகள் விடும் பிசின் எல்லாம் சேர்ந்து மண் துணிக்கைகளைப் பிடித்து வைத்திருக்கும். அந்த இடுக்குகளுக்குள்தான் தண்ணீர் நிற்கும், பசளை நிற்கும், வேர் இறங்கும். சேதனப் பொருளில் ஏறத்தாழ 58 வீதம் காபன், அதனால்தான் பரிசோதனையில் காபனை அளந்து 1.72ஆல் பெருக்கிச் சேதனப் பொருள் இவ்வளவு என்று சொல்கிறார்கள். நான் பிறகு இரண்டு மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுத்தேன். காபன் காணிக்குள் 0.4 வீதம், மேட்டில் 1.6. நம் மேட்டுக்காணிகள் பெரும்பாலும் செங்கபில மண். மேலே ஒரு சாணோ அதற்குக் கொஞ்சம் கூடவோதான் உயிருள்ள பகுதி, அதற்குக் கீழே களியும் சிறு கல்லும், கோடையில் அலவாங்கு போட்டாலும் இறங்காது. அந்த ஒரு சாணைத்தான் நான் வழித்தேன்.

டோசர் விடாமல் வெறுமனே உழுதாலும் காபன் இறங்கும், அதையும் சொல்ல வேண்டும். காட்டை வெளியாக்கிப் பயிர் வைத்த காணிகளில் மேல்மண்ணின் காபனில் கால்வாசியில் இருந்து பாதி வரை போய்விடுவது உலகம் முழுக்கக் கண்ட விடயம். உழும்போது கட்டிகள் உடைந்து உள்ளே ஒளிந்திருந்த உக்கல் காற்றுக்கும் நுண்ணங்கிக்கும் அகப்படுகிறது, அவை தின்று மூச்சு விட அது காபனீரொட்சைட்டாகப் போகிறது. நம் வெக்கையில் அது இன்னும் வேகம். எட்டு மாதம் காய்ந்து கிடந்து முதல் மழை விழும்போது நுண்ணங்கிகள் விழுந்தடித்துத் தின்னும். குளத்துக்குக் கீழே வயல் என்றால் கதை வேறு, தண்ணீர் தேங்கி நிற்பதால் உக்குவது மெதுவாகி காபன் கொஞ்சம் கூட நிற்கும், ஆனால் மெதேன் கிளம்பும். நீங்கள் கேட்டது மேட்டுக்காணி, அதனால் அதை விடுகிறேன்.

இனி உங்கள் எருக் கணக்கு. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். ஓர் ஏக்கரில் அரை அடி ஆழ மண் ஏறத்தாழ 900 தொன். காபனை அரை வீதம் கூட்ட வேண்டும் என்றால் 4.5 தொன் காபன் உள்ளே போய் அங்கேயே தங்க வேண்டும். 10 தொன் மாட்டெரு போடுகிறீர்கள் என்று வையுங்கள். பாதி தண்ணீர். மிச்சம் 5 தொன்னில் காபன் 1.75 தொன் அளவு. சில வருடத்தில் அதில் ஐந்தில் ஒன்று தங்கினால் அதிர்ஷ்டம், அதாவது 0.35 தொன். அப்படியென்றால் ஓர் ஏக்கருக்கு 130 தொன் எரு. உங்கள் இரண்டரை ஏக்கருக்கு 300 தொன்னுக்கும் மேல், மூன்று வருடத்துக்குள். எங்கே வாங்குவீர்கள்? எரு போடாதீர்கள் என்று சொல்லவில்லை, அது அந்தப் போகத்துப் பயிருக்குச் சோறு, வருடா வருடம் போடத்தான் வேண்டும். அது வைப்பில் ஏறும் என்று நினைத்துப் போட்டால்தான் ஏமாற்றம்.

இன்னொன்று. எரு வானத்தில் இருந்து வருவதில்லை. மாடு எங்கேயோ காட்டோரத்தில் மேய்ந்த புல்லின் காபன் அது, உங்கள் காணி ஏறினால் இன்னோர் இடம் இறங்குகிறது. எங்கள் பக்கத்துப் பட்டி எரு லொறி லொறியாக யாழ்ப்பாணத் தோட்டங்களுக்குப் போவதை ஏ9 வீதியில் நின்று பார்த்திருக்கிறேன். வெங்காயச் செய்கைக்காரரைக் குறை சொல்லவில்லை, காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். விற்கிற நாங்கள்தான் பிறகு யூரியாவுக்கு வரிசையில் நிற்கிறோம்.

மேட்டைத் திருப்பி இழுத்துப் பரப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அடுத்த வருடமே நினைத்தேன். அங்கேதான் என் தலையெழுத்து. மேற்குப் பக்கக் காணிக்காரர் வெளிநாட்டில், பார்த்துக்கொள்பவர் மேட்டின் பாதி தங்கள் எல்லைக்குள் என்றார். எல்லைக் கல் இடப்பெயர்வுக்குள் காணாமல் போனது, பெர்மிட்டின் மூலப்பிரதி பங்கருக்குள் தாண்டு போனது. ஓர் அலுவலகத்துக்கு ஒன்பது தரம் போனேன். ஒரு தரம் உத்தியோகத்தர் லீவு, ஒரு தரம் கோப்பு வேறு இடத்தில், ஒரு தரம் நில அளவையாளருக்கு நாள் இல்லை, ஒரு தரம் நான் கொண்டுபோன கடிதத்தில் திகதி பிழை, அதை அவர்கள்தான் எழுதித் தந்தார்கள். சுடுதண்ணீர்ப் போத்தலோடு வாங்கில் இருந்து காத்திருந்த அந்த நாட்களை எல்லாம் கூட்டினால் அந்த மேட்டைச் சட்டியால் அள்ளி முடித்திருக்கலாம். கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், தெரியும். இருந்தாலும் காணி பற்றிக் கேட்கிற எவருக்கும் சொல்வேன், மண் பார்க்க முதல் எல்லைக் கல்லைப் பாருங்கள்.

கடைசியில் சந்தேகம் இல்லாமல் எங்கள் பக்கம் கிடந்த பகுதியை மட்டும் லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியால் அள்ளிப் பரப்பினோம். நாலு பக்கமும் வேலிக்குச் சீமைக்கிளுவை ஊன்றி, வருடத்தில் மூன்று தரம் வெட்டிக் குழை தாழ்த்தினோம், காற்றில் இருந்து நைதரசன் பிடிக்கிற மரம், இலை சட்டென்று உக்கும். மாரி தொடங்கச் சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் உழுது புரட்டினோம். சருகு, தண்டு, கச்சான் கொடி எதையும் எரிப்பதில்லை. வயலில் இருந்து வைக்கோல் கொண்டுவந்து மூடாக்குப் போட்டோம், கட்டாக்காலி மாடுகள் அதை ஒரே இரவில் தின்றுவிட்டுப் போயின, சாணியாவது போட்டதே என்று ஆறுதல். ஒரு தரம் வைக்கோலை உழுது புதைத்த கையோடு சோளம் போட்டு, பயிர் மஞ்சளித்துப் போனது. வைக்கோலில் காபன் அதிகம், நைதரசன் குறைவு, அதை உக்க வைக்கிற நுண்ணங்கிகள் மண்ணில் இருக்கிற நைதரசனையும் இழுத்துக்கொள்ளும். மூன்று நாலு கிழமை முன்னதாகவே போட்டிருக்க வேண்டும்.

பன்னிரண்டு வருடம் கழித்து 2023இல் பரிசோதித்தபோது 0.9. 0.4இல் இருந்து 0.9. ஆறு மணித்தியாலத்தில் போனதில் பாதியைக்கூடப் பிடிக்கவில்லை.

இயற்கை விவசாயத்துக்கு எதிரி இவன் என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: உரமே கூடாது, உரமே போதும் என்ற இரண்டு பக்கமும் எனக்குச் சரிவராது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள், நவம்பரில் திருப்பி விட்டார்கள், அதற்குள் காலபோகம் தொடங்கிவிட்டது. இருபத்தைந்து மூட்டை நெல் காணும் என் வயல் ஏக்கர் அந்த முறை பதினொன்றுதான் தந்தது. மேட்டுக்காணியில் குழை தாழ்த்தி வந்த பகுதியில் உளுந்து மட்டும் பெரிதாக விழவில்லை, உளுந்து தானே நைதரசன் பிடிக்கிற பயிர், அதனால் இதை வைத்துப் பெரிதாக ஒன்றும் நிரூபிக்க முடியாது என்றும் நானே சொல்லிவிடுகிறேன். வருடக் கணக்கில் ஊட்ட வேண்டிய மண்ணை வர்த்தமானி போட்டு ஊட்ட முடியாது என்பது மட்டும் விளங்கியது.

உங்களுக்கு நான் சொல்வது: பற்றையை நிலத்துக்கு மேலால் வெட்டுங்கள், ஆள் பிடித்தோ புல்வெட்டும் இயந்திரத்தாலோ. பெரிய வேரை மட்டும் ஜேசிபி வாளியால் கிண்டி எடுங்கள், பிளேட் நிலத்தில் முட்டக் கூடாது, முட்டுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், வட்ஸ்அப்பில் பார்க்க வேண்டாம். இரண்டரை ஏக்கரையும் ஒரே வருடத்தில் திறக்காதீர்கள், அரை ஏக்கரில் தொடங்குங்கள். பாலை, வேம்பு கன்று நின்றால் விடுங்கள். வெட்டியதை எரிக்காமல் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போட்டால் மண் ஓடாமலும் பிடிக்கும். செலவு டோசரை விடக் கூட வரும், மறுக்கவில்லை.

டோசர் ஓடிய பெடியனில் எனக்குக் கோபம் இல்லை. அவன் கேட்டான்தானே. மேட்டின் தெற்கு முனை இன்னும் அப்படியே கிடக்கிறது, எல்லைப் பிரச்சினையும் அப்படியே. இந்த மாரியிலும் பூசணி காய்த்திருக்கிறது. பாதியை அவர்கள் வெட்டிக்கொண்டு போகிறார்கள், பாதியை நாங்கள்.