ஃபான்ட்ஃபோர்ஜில் செய்த தமிழ் ஃபான்ட்: கொம்பு இடம் மாறினால் எங்கே பார்ப்பது?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்.

"அண்ணா, எங்க அப்பா முப்பது வருஷம் கடை போர்டு எழுதினவர். இப்போது கை நடுக்கம், பிரஷ் பிடிக்க முடிவதில்லை. அவர் எழுத்தை ஸ்கேன் செய்து, ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற ஃபான்ட் செய்யும் சாஃப்ட்வேரில் ஃபான்டாக்கியிருக்கிறேன். கடையில் கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் டிசைன் எல்லாம் செய்கிறோம், அதில் இதைப் போட ஆசை. ஆனால் கெ, கை, கொ எதிலும் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது. கௌ தட்டினால் கட்டம். மூ, கூ அடியில் வெட்டுப்படுகிறது. திருத்திவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் பழைய எழுத்தே வருகிறது. பேஜ்மேக்கரில் ஒன்றுமே வரவில்லை. காசு கொடுத்து வேறு சாஃப்ட்வேர் வாங்கினால்தான் சரியாகுமா?"

வாங்க வேண்டாம், தம்பி. நீங்கள் அனுப்பிய கோப்பைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். அப்பாவின் ழ வளைந்து வந்து கடைசியில் பிரஷ்ஷைத் தூக்கும் இடத்தில் மெலிகிறதே, அது அப்படியே வந்திருக்கிறது. வரைந்ததில் குறை எதுவும் இல்லை. வரைந்த எழுத்துகளை எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் இடத்தில்தான் தப்பு. ஃபான்ட்ஃபோர்ஜே போதும், இலவசம்தான்.

முதலில் கொம்பு. யூனிகோடில், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் பொது முறையில், நாம் 'கெ' தட்டும்போது கோப்பில் சேர்வது முதலில் க, அதற்குப் பிறகு ஒற்றைக் கொம்பு. அதைத் தூக்கி முன்னால் வைப்பது ஃபான்டின் வேலை இல்லை, வேர்டிலும் பிரவுசரிலும் ஃபோட்டோஷாப்பிலும் உள்ளே இருக்கும் எழுத்தமைப்பு இன்ஜினின் வேலை. லிப்ரே ஆஃபீஸ், குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு போன் எல்லாவற்றிலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே இன்ஜின்தான் ஓடுகிறது. அந்த இன்ஜின் உங்கள் ஃபான்டைத் திறந்ததும், இதில் தமிழுக்கென்று விதி இருக்கிறதா என்று தேடுகிறது. நீங்கள் லுக்கப், அதாவது எந்த எழுத்துக்கு எந்த உருவம் என்ற விதி, போடும்போது ஸ்கிரிப்ட் என்ற கட்டத்தில் டி-எஃப்-எல்-டி என்பதை அப்படியே விட்டுவிட்டீர்கள், அதாவது எந்த மொழிக்கும் பொதுவானது என்று. அதைப் பார்த்த இன்ஜின் தமிழுக்கான நகர்த்தல் எதையும் செய்யாமல், வந்த வரிசையிலேயே எழுத்துகளை அடுக்கிவிடுகிறது. கொம்பு பின்னால் நிற்பதற்கு இதுதான் காரணம்.

சரிசெய்வது சுலபம். எலிமென்ட் மெனுவில் ஃபான்ட் இன்ஃபோ, அதில் லுக்கப்ஸ். ஒவ்வொரு லுக்கப்பையும் தேர்ந்து எடிட் மெட்டாடேட்டாவைத் திறந்து, ஸ்கிரிப்ட் கட்டத்தில் டி-ஏ-எம்-எல், டி-எம்-எல்-2 இரண்டையும் சேருங்கள். முதலாவது பழைய முறை, இரண்டாவது புதிய முறை. ஒன்றை மட்டும் போட்டால் ஏதோ ஒரு கடையின் பழைய மெஷினில் மறுபடி இதே தலைவலி வரும், அதனால் இரண்டும் இருக்கட்டும்.

அப்புறம் இன்னொன்று கண்ணில் பட்டது. மெட்ரிக்ஸ் ஜன்னலில் கொம்பு பின்னால் தெரிகிறதே என்று கெ, கே, கை என்று பதினெட்டு மெய்க்கும் மூன்று மூன்றாக 54 உருவங்களைத் தனித்தனியாக அடுக்கி லிகேச்சர், அதாவது இரண்டு எழுத்துக்குப் பதில் ஒரே உருவம் என்ற விதி, போட்டிருக்கிறீர்கள். எத்தனை ராத்திரி உட்கார்ந்தீர்களோ, சொல்லவே சங்கடமாக இருக்கிறது, ஆனால் அத்தனையும் எடுத்துவிட வேண்டும். ஃபான்ட்ஃபோர்ஜின் பல பதிப்புகளில் மெட்ரிக்ஸ் ஜன்னல் தமிழுக்குக் கொம்பை நகர்த்திக் காட்டாது, அங்கே பின்னால் தெரிவதுதான் இயல்பு. மேலே சொன்ன திருத்தத்தைச் செய்ததும் இன்ஜின் கொம்பை முன்னால் நகர்த்திவிட்டுத்தான் உங்கள் லிகேச்சரைத் தேடும். அப்போது வரிசை கொம்பு, க என்று மாறியிருக்கும், நீங்கள் எழுதிய க, கொம்பு என்ற விதி எதோடும் பொருந்தாது. தமிழ் ஃபான்டைச் சோதிக்க அந்த ஜன்னலை நம்பாதீர்கள். ஃபான்டை ஜெனரேட் செய்து லிப்ரே ஆஃபீஸில் ஒரு வரி, வேர்டில் ஒரு வரி தட்டிப் பாருங்கள், அதுதான் உண்மையான சோதனை.

நீங்கள் வரைந்தே ஆக வேண்டியவை வேறு. உகர, ஊகார வரிசையில் கு, கூ, சு, சூ என்று பதினெட்டு மெய்க்கு 36 உருவங்கள், டி, டீ, அப்புறம் க்ஷ, ஸ்ரீ. உகர ஊகாரத்தையும் டி, டீயையும் பி-எஸ்-டி-எஸ் என்ற அம்சத்தில் (லுக்கப்பில் ஃபீச்சர் என்ற கட்டம்) போடுங்கள். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் ஏ-கே-எச்-என் அம்சத்தில். புள்ளி வைத்த எழுத்துகளை ஹாஃப் அம்சத்திலும், சொல்லின் கடைசியில் வருவதற்காக எச்-ஏ-எல்-என் அம்சத்திலும் போட்டால் 'க்கெ', 'ப்பொ' மாதிரி இடங்களில் கொம்பு புள்ளி எழுத்தைத் தாண்டி இன்னும் முன்னால் ஓடாது.

ஸ்ரீயில் கவனம் வேண்டும். பத்திரிகையின் தலையில் 'ஸ்ரீ ஜலகண்டேஸ்வரர் துணை' என்று போடாத வாடிக்கையாளர் நம் பக்கத்தில் குறைவு. அந்த ஸ்ரீயைத் தட்ட இரண்டு வழி இருக்கிறது: ஸகரத்தில் தொடங்குவது, ஶகரத்தில் தொடங்குவது. ஶ என்ற எழுத்து யூனிகோடில் 2005-ல், 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன்னால் தட்டியதெல்லாம் ஸகரத்தில் இருக்கும், இப்போதும் பல கீபோர்டுகள் அப்படியேதான் தருகின்றன. இரண்டு வரிசைக்கும் அதே உருவம் வருகிற மாதிரி இரண்டு விதி எழுதுங்கள். உங்கள் கோப்பில் ஒன்றுதான் இருக்கிறது.

கௌ கட்டமாக வருவது தனிக் கதை. கொ-வை இன்ஜின் ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரிக்கும். கௌ-வையும் அப்படித்தான், முன்னால் கொம்பு, பின்னால் ள மாதிரி ஒரு குறி. அந்தக் குறிக்கு யூனிகோடில் தனி இடம் உண்டு, எண் 0பிடி7. கீபோர்டில் அதற்குத் தனி விசை இல்லாததால் வரைகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள், நீங்களும் காலியாக விட்டிருக்கிறீர்கள். அது இல்லாவிட்டால் ஒரு சாஃப்ட்வேரில் கட்டம் வரும், இன்னொன்றில் ஔகாரக் குறி முழுசாக எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். வரைந்து வைத்திருக்கும் ள-வைக் கொஞ்சம் ஒடுக்கி அந்த இடத்தில் வையுங்கள், தீர்ந்தது. காட்பாடியில் ஒரு அச்சகத்துக்கு நான் முதன்முதலில் செய்து கொடுத்த ஃபான்டில் இதே இடம்தான் விட்டுப்போனது. கௌரி என்ற மணப்பெண்ணின் பெயரில் கட்டத்தோடு பத்திரிகை அச்சாகி வந்தது, அந்தப் பத்திரிகைக் கட்டு முழுவதையும் அப்படியே திருப்பி எடுத்து மறுபடி அடித்துக் கொடுக்கும்படி ஆனது. அன்றிலிருந்து நான் எந்த ஃபான்டிலும் முதலில் தட்டிப் பார்ப்பது கௌரி, சௌந்தர்யா, லக்ஷ்மி என்ற மூன்று பெயர்களைத்தான். இதில் ஒரு விஷயம்: வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மேட்டரில் சிலர் கௌ-வுக்குப் பதிலாக கெ, ள என்று தனித்தனியாகத் தட்டியிருப்பார்கள். பார்க்க ஒன்று போலத் தெரியும், எழுத்து இடைவெளி கூட்டினால் பிரிந்துவிடும். அது ஃபான்டின் குறை இல்லை, மேட்டரைத்தான் திருத்த வேண்டும்.

இனி, மூ வெட்டுப்படுவது. ஃபான்ட் இன்ஃபோவில் ஓஎஸ்/2, அதில் மெட்ரிக்ஸ். 'இஸ் ஆஃப்செட்' டிக்கை எடுத்துவிட்டு வின் அசெண்ட் (மேல் எல்லை) 800, வின் டிசெண்ட் (கீழ் எல்லை) 200 என்று கையால் போட்டிருக்கிறீர்கள். ஆங்கில எழுத்துக்கான பாடத்தைப் பார்த்துச் செய்தது போலிருக்கிறது. உங்கள் மூ-வின் வால் அடிக்கோட்டுக்குக் கீழே 340 வரை இறங்குகிறது, கீ-யின் சுழி 930-ஐத் தொடுகிறது. விண்டோஸில் பல சாஃப்ட்வேர்கள் வின் எல்லைக்கு வெளியே இருப்பதை வெட்டிவிடும். வின் அசெண்ட் 1000, வின் டிசெண்ட் 360 என்று போடுங்கள், அதே பக்கத்தில் இருக்கும் டைப்போ, எச்ஹெட் எல்லைகள் இரண்டுக்கும் அதே அளவு, லைன் கேப் பூஜ்யம். மைனஸ் குறியில்தான் பலரும் தவறுகிறார்கள்: வின் டிசெண்ட்டில் மைனஸ் கூடாது, டைப்போ, எச்ஹெட் டிசெண்ட்டில் கட்டாயம் வேண்டும். இதை மாற்றினால் வரி இடைவெளி கொஞ்சம் கூடும், தமிழுக்கு அந்த இடைவெளி தேவைதான்.

பழைய எழுத்தே திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் விண்டோஸ் ஃபான்டுகளை ஒரு நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொள்வது. ஒரே பெயரில் மேலே மேலே இன்ஸ்டால் செய்தால் அது பழையதையே நீட்டும். பழையதை முதலில் நீக்குங்கள், திறந்திருக்கும் சாஃப்ட்வேர்களை மூடுங்கள், அப்புறம் புதியது. வேலை முடியும்வரை ஒவ்வொரு தடவையும் குடும்பப் பெயரையே 'அப்பா 07', 'அப்பா 08' என்று மாற்றி ஜெனரேட் செய்வது இன்னும் நல்லது, எது புதியது என்ற குழப்பமே வராது. இன்ஸ்டால் செய்யும்போது ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து சும்மா இன்ஸ்டால் கொடுத்தால் அந்த ஒரு யூசருக்கு மட்டும் போய்ச் சேர்கிறது, பழைய சாஃப்ட்வேர்கள் சில அங்கே தேடுவதே இல்லை.

வேர்டில் உங்கள் ஃபான்டைத் தேர்ந்தாலும் விண்டோஸோடு வரும் நிர்மலா யுஐ எழுத்தே வருகிறது என்றால், கன்ட்ரோல் டி அழுத்தி காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்ற பகுதியிலும் உங்கள் ஃபான்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வேர்டுக்குத் தமிழ் அந்த வகையில்தான் சேரும். அப்படியும் வராவிட்டால் ஓஎஸ்/2-வில் யூனிகோடு ரேஞ்சஸ் பார்த்து தமிழுக்கான 20-ஆவது பிட் டிக் ஆகியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

ஃபோட்டோஷாப்பில் பாராகிராஃப் பேனலின் மூலை மெனுவில் வேர்ல்டு-ரெடி லேஅவுட்டை இயக்குங்கள். பழைய பதிப்பாக இருந்தால் பிரிஃபரன்சஸில் டைப் பகுதியில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் என்று இருக்கும், அதைத் தேர்ந்த பிறகு ஃபோட்டோஷாப்பை மூடித் திறக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ். இன்டிசைனில் அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர். கோரல்டிராவில் எக்ஸ்6-க்கு முந்தைய பதிப்புகளில் தமிழ் யூனிகோடு ஒழுங்காக வராது, அங்கே போராடி நேரத்தை வீணாக்காதீர்கள். எழுத்தை வேறு இடத்தில் அமைத்து, கர்வ்ஸாக, அதாவது வெறும் வரைகோடாக, மாற்றிக் கொண்டுபோங்கள்.

பேஜ்மேக்கர் பற்றி. அதன் கடைசிப் பதிப்பு 7.0, வந்தது 2001-ல். அதற்கு யூனிகோடே தெரியாது, அதனால் நீங்கள் என்ன திருத்தினாலும் இந்த ஃபான்ட் அங்கே ஓடாது. அதைக் கைவிட முடியாத அச்சகங்கள் வேலூரிலும் குடியாத்தத்திலும் இன்னும் இருக்கின்றன, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஆயிரக்கணக்கான பழைய பத்திரிகைக் கோப்புகள் அதில்தான் கிடக்கின்றன. வழி ஒன்று உண்டு: இதே வரைபடங்களை இன்னொரு கோப்பில் பழைய 8-பிட் அமைப்பில் (256 இடங்களுக்குள் எழுத்துகளை வைக்கும் முறை) அடுக்கி, இரண்டாவது ஃபான்டாகத் தருவது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த டேம், டேப் அமைப்புகள் இந்த ரகம். கடையில் தட்டுகிறவர் கை எதில் பழகியிருக்கிறதோ அந்த அமைப்பையே எடுங்கள். அங்கே கோப்பிலேயே கொம்பு முதலில், எழுத்து அப்புறம் என்றுதான் சேரும், இன்ஜினுக்கு வேலையே இல்லை, ஆகவே லுக்கப் எதுவும் வேண்டாம். ட்ரூடைப்பாக ஜெனரேட் செய்யுங்கள். பெயரில் 'பழைய' என்று சேர்த்துவிடுங்கள், இரண்டும் கலந்துவிடக் கூடாது.

முக்கியமான ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். ஃபான்ட்ஃபோர்ஜ் தன் வரைபடங்களைச் சேமிக்கும் உங்கள் எஸ்எஃப்டி கோப்பில் ற, ஞ, ல எல்லாவற்றிலும் தேவையில்லாத வளைவுப் புள்ளிகள் மொய்த்துக் கிடக்கின்றன. ஜெனரேட் செய்த ட்ரூடைப் கோப்பையே மறுபடி திறந்து திருத்தியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ட்ரூடைப்பில் வளைவுகள் வேறு கணக்கில் இருக்கும், போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் புள்ளி கூடும், வளைவு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். எப்போதும் எஸ்எஃப்டியில் திருத்துங்கள், ட்ரூடைப் வெளியே கொடுப்பதற்கு மட்டும். வேறு சாஃப்ட்வேருக்குக் கொண்டுபோவதென்றால் யூஎஃப்ஓ வடிவில் சேமியுங்கள். ற-வின் உள்வெளி கறுப்பாக அடைத்திருப்பதற்கு உள்கோடும் வெளிக்கோடும் ஒரே திசையில் சுற்றுவதுதான் காரணம்; முதலில் கரெக்ட் டைரக்‌ஷன், பிறகு ரிமூவ் ஓவர்லாப், பிறகு ஆட் எக்ஸ்ட்ரீமா, கடைசியில் வேலிடேட்.

ழ-வுக்கு மட்டும், புள்ளிகளைத் தானாகக் குறைக்கும் சிம்ப்ளிஃபை கொடுக்காதீர்கள். அந்த மெலிந்த நுனியை அது மழுக்கிவிடும். அங்கே புள்ளிகளைக் கையாலேயே ஒவ்வொன்றாக நீக்குங்கள், பக்கத்தில் அப்பாவின் தாளை வைத்துக்கொண்டு.