வன்னியில் மட்பாண்டம் வனைந்து சீவிக்க முடியுமா?

கொழும்பில் வார இறுதி வகுப்பொன்றில் சக்கரம் பழகிய ஒருவர், தமது ஊரான முள்ளியவளைக்குத் திரும்பி ஒரு சிறிய மட்பாண்டப் பட்டறை தொடங்கலாமா, அலங்கார வேலைகளை எவ்வாறு பரிசோதிப்பது, செய்தவற்றை யாரிடம் விற்பது என்று கேட்டிருக்கிறார். ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் பன்னிரண்டு ஆண்டுகளாக இதையே தொழிலாகச் செய்து வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். முடியும். ஆனால் நீங்கள் கேட்ட மூன்றும் உண்மையில் ஒரே கேள்விதான். அதை என்னிடம் முதலில் கேட்டவர் புதுக்குடியிருப்புச் சந்தைக்கு வந்த ஓர் அம்மா.

நான் கடை விரித்த முதல் வருடம் அது. கொடியும் பூவும் வரைந்த சட்டிகளை அடுக்கி வைத்திருந்தேன். அவர் ஒன்றைத் தூக்கி, விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவி, விரல் முட்டியால் அடியில் இரண்டு தரம் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். நன்றாகச் சுட்ட சட்டி கணீரென்று சத்தம் தரும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால்கூடச் சத்தம் செத்துவிடும். சத்தம் சரியாகவே வந்தது. பிறகு, "தம்பி, இது சமைக்கிறதுக்கோ, பாக்கிறதுக்கோ?" என்று கேட்டார். "ரெண்டுக்கும்தான் அம்மா" என்றேன். அவர் சட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, பக்கத்துக் கடையில் அலுமினியச் சட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று, ஓர் உருண்டை மண்ணைச் சக்கரத்தில் வைப்பதற்கு முன்பே அந்தக் கேள்விக்கு மறுமொழி வைத்திருக்கிறேன்.

என் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மப்பா குயவர். தட்டுப்பலகையும் கல்லும் கொண்டு பானை தட்டுவதைச் சிறுவயதில் அவரிடம் பார்த்திருக்கிறேன். இடப்பெயர்வுகளில் அவரது சக்கரமும் போயிற்று, அவரும் போய்விட்டார். மீளக் குடியமர்ந்த பின்னர் மாமா ஒருவரிடம் வனையவும், தென்பகுதியில் நடந்த ஒரு பயிற்சியில் சூளை, சுடும்போது உருகிக் கண்ணாடி போலப் படியும் மெருகு ஆகியவற்றைப் பற்றியும் கற்றுக்கொண்டேன். மிச்சமெல்லாம் உடைந்த பாண்டங்கள் கற்பித்தவை.

முதலில் மண். எங்கள் பக்கத்தில் ஆவணி, புரட்டாதியில் குளங்கள் வற்றும்போதுதான் நல்ல களி கிடைக்கும். அதற்கு அனுமதி பெற வேண்டும், அந்த அலைச்சலுக்கும் நாட்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள். குளத்து மண்ணில் உங்களுக்கு வரப்போகும் பெரிய எதிரி நத்தை ஓடு. இரண்டாம் வருடத்தில் ஒரு விடுதிக்காரர் நாற்பது தயிர்க் கிண்ணங்கள் கேட்டார். சூளையிலிருந்து அத்தனையும் குற்றம் சொல்ல முடியாத வடிவில் வந்தன, கொடுத்தேன், காசும் வாங்கினேன். பத்தாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். போய்ப் பார்த்தால் கிண்ணங்களின் மேற்பரப்பில் நகக்கண் அளவுக்குச் செதில் செதிலாகப் பெயர்ந்து, ஒவ்வொரு பள்ளத்தின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. ஓட்டிலுள்ள சுண்ணாம்பு 800 பாகை செல்சியசுக்கு மேல் சுட்ட சுண்ணாம்பாக மாறி, சூளையை விட்டு வெளியே வந்த பிறகு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, மேலே இருக்கும் மண்ணைத் தள்ளிவிடுகிறது. வாங்கிய காசை முழுதாகத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து மண்ணைக் கூழாகக் கரைத்து, நுளம்பு வலையிலும் நெருக்கமான சல்லடையில் வடித்த பிறகே பாவிக்கிறேன். இது இடுப்பை முறிக்கும் வேலை. ஆனாலும் இதைத் தவிர்த்துவிட்டு அலங்காரத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

இனி அலங்காரம். நான் செய்த முதல் பிழை, சுட்ட பாண்டத்தின் மேல் பெயின்ற் பூசியது. தீபாவளிக்கு மயில் வரைந்த சாடிகள் நன்றாகவே விற்றன. மாரி வந்ததும் மண் ஈரத்தை உறிஞ்ச, மயில்கள் தோகை தோகையாக உரிந்தன. அடுத்து, கடையில் வாங்கும் மெருகுகளை முயன்றேன். நம் செங்களி ஏறக்குறைய 900 முதல் 1000 பாகைக்குள் சுடப்படுவது. அந்தச் சூட்டில் உருகிப் பளபளக்கும் பழைய மெருகுகள் பலவற்றில் ஈயம் இருந்தது. ஈய மெருகுள்ள சட்டியில் புளி விட்டு மீன் குழம்பு வைத்தால் புளிப்பு ஈயத்தைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். ஈயமில்லாத மெருகுகள் கிடைக்கின்றன, ஆனால் அவை இறக்குமதி. 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது என் மெருகு வாளியும் அடியைத் தொட்டது. அந்த வருடம்தான், வாங்கிப் பூசுவதை விட்டுவிட்டு, மண்ணிலும் நெருப்பிலும் என்ன நிறம் இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். கஷ்டம் செய்த உதவி என்று இதைச் சொல்ல மாட்டேன்; கஷ்டம் கஷ்டந்தான்.

முதலில் கைகூடியது செம்பாட்டு மண். அதைத் தண்ணீரில் கரைத்து, சிறிதளவு சலவைச் சோடா போட்டுக் கலக்கி, உயரமான கண்ணாடிப் போத்தலில் ஒரு நாள் அசையாமல் வைக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் அடியில் மணலும் பருத்த துகளும் படிந்திருக்கும். மேலே தெளிநீர் நிற்குமானால் அதையும் விலக்கி, நடுவில் தொங்கும் செந்நீரை மட்டும் மெல்லிய குழாயால் இழுத்தெடுக்கிறேன். பால் போலத் தண்ணியாக இருக்கும் அதை, முற்றாக உலர்ந்த பாண்டத்தில் மென்மையான தூரிகையால் மூன்று தரம் பூசி, ஈரம் மறைந்தும் மறையாமலும் இருக்கும்போது உரச வேண்டும். உரசுவதற்குக் கூழாங்கல் நல்லது என்பார்கள். நான் பாவிப்பது என் மகன் விளையாடிவிட்டு எறிந்த கண்ணாடிப் போளை. சிறிது சிறிதாக, ஒரே திசையில் உரச உரச, செம்மண் நாவற்பழத் தோல் போல மினுங்கத் தொடங்கும். ஒரு நடுத்தரச் சாடிக்கு ஒன்றரை மணித்தியாலம் ஆகும். அந்த மினுக்கத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் சூட்டை 900 பாகைக்குள் நிறுத்துங்கள். ஒருமுறை நான் கவனக் குறைவாக 1000 வரை விட்டு, இரண்டு நாள் உரசியதை ஒரே இரவில் மங்கலாக்கினேன்.

வெண்களி இன்னொரு கதை. தெற்கே மீட்டியாகொடைப் பக்கத்திலிருந்து வரும் கயோலின் என்னும் வெண்களியைக் குழைத்துச் செம்பாண்டத்தில் பூசினேன். சுட்டதும் முட்டை ஓடு போல உரிந்து விழுந்தது. செங்களி உலரும்போது நன்றாகச் சுருங்கும், கயோலின் அவ்வளவு சுருங்காது; இரண்டுக்கும் ஒத்துவராது. வெண்களியில் வடித்த செங்களியைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒட்டும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பதினேழு சோதனை வில்லைகள் சுட்டேன். ஒட்டியபோது அது வெள்ளையாக இல்லை, பழைய ஓலையின் நிறத்தில் இருந்தது. இன்று என்னிடம் அதிகமாகக் கேட்கப்படுவது அந்த ஓலை நிறந்தான். இன்னொன்று: பாண்டம் முற்றாகக் காயும் வரை காத்திராமல், விரல் ஒட்டாது ஆனால் நகம் பதியும் என்ற பதத்திலேயே இதைப் பூசிவிட வேண்டும்.

கோலத்திலும் நான் தோற்றிருக்கிறேன். ஊசி கழற்றிய சிரிஞ்சில் வெண்களியை நிரப்பி, பானையின் வயிற்றைச் சுற்றிப் புள்ளிக் கோலம் போட்டுப் பார்த்தேன். தரை தட்டை, பானை உருண்டை. வயிற்றில் சமனாக வைத்த புள்ளிகள் கழுத்தை நோக்கி ஏற ஏற நெருங்கி, இழை சிக்குப்பட்டு, என் மனைவி பார்த்துவிட்டு "கோழி கிளறின முற்றம் மாதிரிக் கிடக்கு" என்றார். கோலம் இப்போது தட்டுகளுக்கு மட்டும். பானையின் வயிற்றுக்குச் சீப்பின் பற்களால் இழுத்த அலைக்கோடும் கயிற்றைச் சுற்றி உருட்டிய தடமும் போதும். சக்கரம் சுற்றும்போதே விழுவதால் அவை உருண்டையோடு இசைந்து போகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை கறுப்பு-சிவப்புப் பாண்டம். 1980 இல் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் நடந்த அகழ்வில் பெருங்கற்கால ஈமப் புதைவுகளோடு இவ்வகை மட்பாண்டங்கள் கிடைத்தன. உள்ளும் விளிம்பும் கறுப்பு, வெளி சிவப்பு. ஒரே சூட்டில் இரண்டு நிறம் எப்படி வருகிறது என்பதை நான் உமியை வைத்துத்தான் விளங்கிக்கொண்டேன். கிண்ணத்தை உமிப் படுக்கையில் கவிழ்த்து, விளிம்பு இரண்டு விரலளவு புதையும்படி வைத்துச் சுட்டால், உள்ளே காற்றுப் புகாமல் உமி புகைந்து கரி மண்ணுக்குள் இறங்கும். வெளியே காற்றுப் படும் இடம் சிவப்பாகவே நிற்கும். சூளை முற்றாக ஆறும்வரை கிண்ணத்தை நிமிர்த்தக்கூடாது. சூட்டோடு காற்றுப் பட்டால் கரி எரிந்து கறுப்பு சாம்பல் நிறமாகிவிடும். கறுப்பும் சிவப்பும் சந்திக்கும் கோடு ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒவ்வொரு விதமாக வளையும். அந்தக் கோட்டை நான் வரைவதில்லை என்பதாலேயே அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு அலுப்பதில்லை.

பரிசோதிக்கும் முறையைக் கேட்டீர்கள். உள்ளங்கை அளவு வில்லைகள் செய்து, பின்புறத்தில் ஆணியால் இலக்கம் கீறி, அதே இலக்கத்தில் ஒரு கொப்பியில் மண், பூச்சு, சூளையில் வைத்த இடம் ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விற்கப்போகும் பாண்டத்தில் ஒருபோதும் முதற்பரிசோதனை செய்யாதீர்கள்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். சமைக்கும் சட்டியை வயிறு முழுக்க அலங்கரித்தால் இரண்டாம் நாளே அடுப்புக் கரி மூடிவிடும். ஆகவே கழுத்துக்குக் கீழே ஒரு பட்டையில் மட்டும் அலைக்கோடு விடுகிறேன், உட்புறத்தைப் போளையால் உரசுகிறேன், வேறொன்றும் செய்வதில்லை. தயிர்ச் சட்டிக்கு உள்ளே எதுவும் பூசக்கூடாது. மண் தண்ணீரை உறிஞ்சுவது எருமைத் தயிர் கட்டியாக நிற்க உதவுகிறது. பார்ப்பதற்கான சாடியில் எல்லா விளையாட்டும் விளையாடலாம், ஆனால் வாங்குபவரிடம் இதில் தண்ணீர் நின்றால் கசியும் என்று சொல்லிவிட வேண்டும். சமையலுக்கு வாங்குபவரிடமும், புதுச்சட்டியை எப்படிப் பழக்குவது என்பதைச் சொல்லிக் கொடுங்கள். கஞ்சித் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைக்காமல் நேரே எரியும் அடுப்பில் ஏற்றி வெடிக்க வைத்தவர் உங்களைத்தான் திட்டுவார்.

விற்பனையில் வருடத்தைத் தாங்குவது சாதாரணப் பொருட்கள். தைப்பொங்கலுக்குப் பானை, கார்த்திகை விளக்கீட்டுக்குச் சிட்டி விளக்கு, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலையொட்டி மீண்டும் பானை. சிட்டியில் இலாபம் மிகச் சிறிது. ஆனால் சக்கரத்தில் ஒரு கூம்பு மண்ணை வைத்து ஒன்றன்பின் ஒன்றாக அறுத்தெடுக்கும்போது கை பழகுகிறது, கடனும் அடைகிறது. உரசிய சாடிகளையும் கறுப்பு-சிவப்புக் கிண்ணங்களையும் பெரும்பாலும் ஆடி, ஆவணியில் வெளிநாடுகளிலிருந்து ஊருக்கு வருபவர்களே வாங்குகிறார்கள். அவர்கள் மனதுக்குள் பயணப் பொதியின் நிறையைக் கணக்கிட்டுக்கொண்டே பார்ப்பார்கள் என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு மூன்று ஆடிகள் ஆயின. இரண்டு கையாலும் தூக்கும் சாடியைத் தடவிப் பாராட்டிவிட்டு, ஒரு கைக்குள் அடங்கும் கிண்ணத்தை வாங்கிப் போவார்கள். பெரிய சாடி கண்ணை இழுக்கும், சின்னக் கிண்ணம் காசாகும். இரண்டும் மேசையில் இருக்கட்டும்.

விலை வைக்கும்போது உடைவைச் சேர்க்க மறவாதீர்கள். எண்பது பாண்டம் அடுக்கும் என் விறகுச் சூளையில் பத்துப் பன்னிரண்டு போய்விடும். மிச்சம் அறுபத்தெட்டுந்தான் அவற்றின் மண்ணுக்கும் விறகுக்கும் கூலிக்கும் விலை கொடுக்க வேண்டும். பொதி செய்வதிலும் உடைவு உண்டு. கொழும்புக்கு அனுப்பிய ஆறு சாடிகள் ஓடாகப் போய்ச் சேர்ந்தன. பொதியைக் கொண்டுபோனவர்களோ நான் கட்டியது சரியில்லை என்றார்கள். உண்மையில் வெளியே மட்டும் வைக்கோல் வைத்து, சாடிக்குள்ளே வெறுமையாக விட்டிருந்தேன். இப்போது உள்ளேயும் இறுக்கி நிரப்பி, பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து நானே ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன்.

மின்சூளை வாங்கலாமா என்றும் யோசிப்பீர்கள். தொடக்கத்தில் வேண்டாம். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூட்டப்பட்டபோது, மின்சூளை வைத்திருந்த எனக்குத் தெரிந்த ஒருவர் அதை மூடிவிட்டு அதன் மேல் சிட்டி அடுக்கி வைத்தார். மர ஆலைத் துண்டுகளும் பனை மட்டையும் தென்னம் பாளையும் கொண்டு எரியும் செங்கற் சூளை ஒன்றைக் கட்டுங்கள். முதல் மூன்று மணித்தியாலம் சூளைக்குச் சூடு மட்டும் காட்டுங்கள், பெரிதாக எரிக்காதீர்கள். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேற வழியில்லாமற் போனால் பாண்டம் வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். சோழகம் வீசும் மாதங்களில் இதற்கு நேர்மாறான தொல்லை: ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து விளிம்பு பிளக்கும், ஆகவே புதிதாக வனைந்தவற்றை ஈரச் சாக்கால் மூடி வையுங்கள்.

சக்கரத்தை இப்போதைக்கு வாங்காமல் விடுங்கள். குளம் வற்றும் நேரம் ஊருக்கு வந்து, உங்கள் பக்கத்துக் களியில் ஒரு வாளி எடுத்து வடித்து, பத்து வில்லைகள் செய்துகொண்டு வாருங்கள். என் சூளையில் ஒரு மூலையில் இடம் தருகிறேன். சுட்டு எடுத்த பிறகு இரண்டு கிழமை அவற்றை முற்றத்தில் போட்டு வைப்போம். வெள்ளைப் புள்ளி எதுவும் வராவிட்டால் சக்கரத்தின் விலையைப் பற்றிக் கதைக்கலாம்.