பில்ட்-இன் ஓவன் வைத்தால் பக்கத்து அலமாரி கருகுமா, தீப்பிடிக்குமா?

புது வீட்டில் மாடுலர் கிச்சன் போடுகிறோம், ஓவனை அலமாரிக்குள் பதிக்கலாமா, பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பதிக்கலாம். ஆனால் ஆசாரி வேலை முடித்துக் கிளம்புவதற்கு முன்னால் நீங்களே கூட நின்று சில இடங்களைப் பார்த்துவிட வேண்டும். கீழக்கரையில் எங்கள் ராத்தா (அக்கா) வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மச்சான் ஊருக்கு வந்திருந்தபோது ஆசை ஆசையாகப் போட்ட கிச்சன் அது. நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் தொடங்கி இரவு வரை கேக், பிஸ்கட் என்று ஓவன் ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் பார்த்தால் ஓவனுக்கு மேலே இருந்த கதவின் கீழ் ஓரத்தில் பிவிசி தாள் சுருண்டு தொங்குகிறது. பிளக் பழுப்பேறிக் கருகியிருக்கிறது. அல்லாஹ் காப்பாற்றினான், அதோடு நின்றது.

ஓவனை வெளியே இழுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கடல் காற்றும் கரப்பானும் உள்ளே வரக் கூடாது என்று அலமாரியின் முதுகைப் பிளைவுட் வைத்து அடைத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ஓவன் உட்காரும் பெட்டிக்கு முதுகுப் பலகை இருக்கவே கூடாது. கீழ்த்தட்டின் பின்னோரத்தில் காற்று ஏற இடைவெளி வேண்டும், சூடு வெளியேறவும் வழி வேண்டும். இடைவெளி எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஓவனோடு வரும் கையேட்டில் படமாகவே போட்டிருப்பார்கள். அதனால் முதலில் ஓவனை வாங்கி, அந்தப் படத்தை ஆசாரி கையில் கொடுத்து, அப்புறம் அலமாரி செய்யச் சொல்லுங்கள். பல கையேடுகளில் ஓவன் பெட்டி 90 டிகிரி செல்சியஸும் பக்கத்துக் கதவுகள் 70 டிகிரியும் தாங்க வேண்டும் என்று இருக்கும். மலிவான பிவிசி தாள் ஒட்டிய கதவு அவ்வளவு தாங்காது, பசை இளகிவிடும். ஓவனைச் சுற்றி மட்டுமாவது லேமினேட் ஒட்டிய நல்ல பிளைவுட் போடுங்கள். நம் கடற்கரை ஈரத்துக்கும் அதுதான் நிற்கும்.

ராத்தாவுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. கேக் வெந்ததும் உடனே சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார், கரண்ட் மிச்சம் என்று. ஓவனை நிறுத்திய பிறகும் உள்ளே ஒரு மின்விசிறி கொஞ்ச நேரம் ஓடும், கேட்டிருப்பீர்கள். உடம்பில் தங்கிய சூட்டைத் தள்ளுவது அதுதான். சுவிட்சை அணைத்தால் அதுவும் நின்று, சூடு மொத்தமும் மரத்துக்குப் போகிறது. அது தானாக நிற்கும் வரை விடுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று ஓவன் கதவை லேசாகத் திறந்து வைப்பதும் வேண்டாம். அந்த அனல் நேராக மேல் கதவில்தான் அடிக்கும்.

பிளக் கருகியதற்கு உப்புக் காற்றுதான் காரணம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். 3000 வாட் ஓவன் கிட்டத்தட்ட 13 ஆம்பியர் இழுக்கும். பித்தளைக் காலில் களிம்பு ஏறி, பிடிப்பு தளர்ந்திருந்தால் அங்கேதான் முதலில் சூடாகும். சூடாக ஆகப் பிடிப்பு இன்னும் கெடும். ராமேஸ்வரம், மண்டபம், ஏர்வாடி என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் இதை அலட்சியமாக விடக் கூடாது. ஓவனுக்கென்று தனி வயர், தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் போர்டு கூடவே கூடாது. பாயின்ட் ஓவனுக்குப் பின்னால் இல்லாமல், கை எட்டுகிற பக்கத்து அலமாரியில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது மெயினை அணைத்துவிட்டுக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேஸ் சிலிண்டரை ஓவனை ஒட்டி வைக்காதீர்கள், கேஸ் ட்யூபையும் அதன் பின்பக்கமாகக் கொண்டுபோகாதீர்கள். ஓவனுக்குள் நெய் சிந்தித் தீப்பிடித்தால் கதவைத் திறக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. மெயினை அணைத்து, மூடியபடியே விட்டால் காற்றில்லாமல் அடங்கும். அடங்காவிட்டால் எல்லோரும் வெளியே வந்து 101-ஐ அழையுங்கள்.

பொருத்தி முடித்ததும், ஆசாரியும் எலக்ட்ரீஷியனும் இருக்கும்போதே 200 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சுற்றியுள்ள கதவுகளில் புறங்கையை வைத்துப் பாருங்கள். வைத்த கையை உடனே எடுக்கத் தோன்றினால், அதைச் சரிசெய்த பிறகு கூலியைக் கொடுங்கள்.