எண்பதுகளின் பாப் பாடல் வீடியோக்கள் பற்றி உங்களுக்குத் தெரிந்த சுவையான தகவல் எது?

எனக்குப் பிடித்த தகவல்கள் பெரும்பாலும் ஒரே பாட்டைச் சுற்றித்தான் இருக்கின்றன: நார்வேயின் ஆ-ஹா குழு பாடிய 'டேக் ஆன் மீ'. காபிக் கடையில் ஒரு பெண் காமிக்ஸ் படித்துக்கொண்டிருப்பாள். பக்கத்துக்குள்ளிருந்து பென்சிலால் வரைந்த ஒரு கை நீண்டு அவளை உள்ளே இழுத்துக்கொள்ளும். பாட்டின் பெயர் மறந்தவர்களுக்குக்கூட அந்தக் கை நினைவிருக்கும்.

ஆனால் அந்தப் பாட்டு இரண்டு முறை தோற்றது என்பது பலருக்குத் தெரியாது. 1984-இல் முதல் முறை வெளியானபோது அதற்கு வேறொரு வீடியோ இருந்தது. நீல நிறப் பின்னணியில் குழுவினர் நின்று பாடுவார்கள், அவ்வளவுதான். பிரிட்டனில் யாரும் சீந்தவில்லை. பிறகு ஆலன் டார்னி என்ற தயாரிப்பாளரை வைத்து மறுபடி பதிவு செய்தார்கள். இன்று நாம் கேட்பது அந்தப் பதிவுதான். அதுவும் அங்கே எடுபடவில்லை. மூன்றாவது முறை அதே பதிவோடு புது வீடியோ வந்தது. 1985 அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடம். பிரிட்டனில் இரண்டாம் இடம்வரை ஏறியது. ஜெனிஃபர் ரஷ் பாடிய 'தி பவர் ஆஃப் லவ்' முதலிடத்தை விட்டு நகரவே இல்லை.

வீடியோவை இயக்கியவர் ஸ்டீவ் பாரன். படம் வரைந்தவர்கள் மைக்கேல் பேட்டர்சன், கேண்டஸ் ரெக்கிங்கர். முதலில் நடிகர்களை வைத்து லண்டனில் சாதாரணமாகப் படம் பிடித்தார்கள். பிறகு அந்தப் படச்சுருளை ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்து, அதன் மேல் பென்சிலால் வரைந்தார்கள். ரோட்டோஸ்கோப்பிங் என்பார்கள் இதை. ஏறக்குறைய 3,000 ஃபிரேம்கள், 16 வாரம். கணக்குப் போட்டால், ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் நாளுக்கு 27 படம் வருகிறது.

இந்த எண்ணிக்கை எனக்கு வெறும் எண்ணாகப் படாததற்குக் காரணம் இருக்கிறது. அனிமேஷன் படித்தபோது எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். நண்பன் ஒருவன் டீ குடிப்பதைப் படம் எடுத்து, 24 டிரேசிங் பேப்பரில் வரைய வேண்டும். எனக்கு முழுசாக இரண்டு நாள் பிடித்தது. ஓட்டிப் பார்த்தால் இரண்டே விநாடி. சட்டைக் காலர் ஒரு இடத்தில் நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் ஒரே கோட்டை இரண்டு முறை அச்சு அசலாக யாராலும் போட முடியாது. அன்று இரவு 'டேக் ஆன் மீ'யை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதிலும் அதே நடுக்கம். காமிக்ஸ் இளைஞனாக வரும் ஆ-ஹா பாடகர் மார்ட்டன் ஹார்க்கெட்டின் தலைமுடி, கன்னத்து நிழல், எல்லாமே மூச்சு விடுவது போல அசைகின்றன. அந்த நடுக்கத்தை அவர்கள் மறைக்க முயலவே இல்லை. அந்த இளைஞனுக்கு உயிர் இருப்பதாகத் தோன்றுவதே அதனால்தான்.

இன்னொரு இடம். ஓவிய உலகத்துக்குள் கண்ணாடி போல ஒரு சட்டம் நிற்கும். அவள் அதன் வழியே பார்த்தால் அவன் ரத்தமும் சதையுமான ஆள். சட்டத்தைத் தாண்டி வந்துவிட்டால் வெறும் பென்சில் கோடு. ஒரே ஃபிரேமில் பாதி நிஜம், பாதி வரைபடம்! கம்ப்யூட்டர் இல்லாமல் கையால் வரைந்து இதைப் பொருத்தியிருக்கிறார்கள் என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். கடைசியில் அவன் வீட்டு நடைக்கூடச் சுவர்களில் மாறி மாறி மோதி மனிதனாக மாறத் துடிப்பானே, அது 1980-இல் வந்த 'ஆல்டர்டு ஸ்டேட்ஸ்' படத்தின் முடிவிலிருந்து எடுத்துக்கொண்டது.

அப்புறம் இதைக் கேளுங்கள். 1986 எம்டிவி விருதுகளில் 'டேக் ஆன் மீ' ஆறு விருதுகள் வாங்கியது. ஆனால் ஆண்டின் சிறந்த வீடியோ விருது டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 'மனி ஃபார் நத்திங்' பாட்டுக்குப் போனது. அதில் வரும் கட்டை கட்டையான மூட்டைத் தூக்குபவர்கள் கம்ப்யூட்டரில் உருவானவர்கள். அதை இயக்கியவரும் இதே ஸ்டீவ் பாரன்தான்! ஒரே ஆண்டில் ஒரு கையில் பென்சில், இன்னொரு கையில் கம்ப்யூட்டர். அதற்கும் முன்னால், 1983-இல், மைக்கேல் ஜாக்சன் கால் வைக்கும் இடமெல்லாம் கல் ஒளிரும் 'பில்லி ஜீன்' வீடியோவையும் அவர்தான் எடுத்தார். எண்பதுகளின் வீடியோக்கள் பற்றிப் பேசுகிறவர்கள் பாடகர்களைச் சொல்லும் அளவுக்கு இந்த மனிதரையும் சொல்ல வேண்டும் என்பேன்.

கைவேலை என்று வந்தால் பாடகர் பீட்டர் கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹாமர்' வீடியோவையும் விட முடியாது. 1986-இல் வந்தது. ஃபிரேம் ஃபிரேமாக எடுப்பதற்காக அவர் ஒரு கண்ணாடிப் பலகைக்கு அடியில் 16 மணி நேரம் படுத்திருந்தார். அடுத்த ஆண்டு அது ஒன்பது விருதுகள் வாங்கியது. அதில் ஆடும் கோழிகளுக்கு அசைவு கொடுத்தவர்களில் ஒருவர் நிக் பார்க், பின்னால் 'வாலஸ் அண்ட் க்ரோமிட்' களிமண் பொம்மைப் படங்களைப் படைத்தவர்.

'டேக் ஆன் மீ' 2020 பிப்ரவரியில் யூடியூபில் 100 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. பார்ப்பதாக இருந்தால் 2019-இல் 4கே தரத்தில் மீட்டெடுத்த பதிப்பைப் பாருங்கள், முடிந்தால் பெரிய திரையில். அந்தச் சட்டம் வரும் இடத்தில் நிறுத்தினால் பென்சிலின் சொரசொரப்பே தெரியும்.